கடல் நீர்நாய் பார்க்க மாஸ் லேண்டிங்கா, மான்டரேயா, மோரோ பேயா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கியதும் வடக்குக் கலிஃபோர்னியாவில் இருக்கும் நம்மவர்கள் போடும் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், யோசெமிட்டி, அப்புறம் "மல்லாக்கப் படுத்து மிதக்குமே, அது". இந்தக் கடைசி விஷயத்தில்தான் நண்பர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருக்கிறது, எந்த ஊருக்குப் போவது? படகில் ஏறலாமா, கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகை எடுக்கலாமா, கரையிலிருந்தே பார்த்துவிடலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடலாம். இரண்டு நீர்நாய்கள் கைகோத்துத் தூங்கும் அந்தப் பிரபலமான காணொளி வான்கூவர் மீன்காட்சியகத்தில் எடுத்தது. கடலில் அப்படிப் பார்ப்பது அபூர்வம். அங்கே அவை கெல்ப் என்கிற நீளமான கடற்பாசியை உடம்பில் சுற்றிக்கொண்டு, அலை இழுத்துப் போகாதபடி தூங்கும். கைகோத்தலை எதிர்பார்த்துப் போனால் முகம் வாடித் திரும்புவீர்கள். சான் பிரான்சிஸ்கோவின் 'பியர் 39' படகுத்துறையில் கூட்டமாகக் கிடந்து குரைப்பவை கடல் சிங்கங்கள். அங்கே நீர்நாய் தேட வேண்டாம்.

எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு பக்கத்தில் பார்க்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. கடல் நீர்நாயைப் பொறுத்தவரை பக்கத்தைவிட நேரம் முக்கியம். அரை நிமிடம் பத்தடியில் பார்த்தால் நீங்கள் காண்பது தலையைத் தூக்கி முறைத்துவிட்டு முங்கிப்போகும் ஒரு மிருகம், அவ்வளவுதான். அரைமணி நேரம் நூறடியில் நின்றால் ஒரு வாழ்க்கையே தெரியும். முங்கும், மட்டியோடு மேலே வரும், கக்கத்தில் இருக்கும் தோல்பையிலிருந்து கல்லை எடுத்து நெஞ்சில் வைத்து, நம் வீட்டில் தேங்காய் உடைப்பதுபோல 'டக் டக்' என்று உடைக்கும், தின்னும், உருண்டு நெஞ்சைக் கழுவும், மறுபடி முங்கும்.

எனவே நான் பார்ப்பது இவைதான்: போனால் கண்ணில் படும் என்பது எவ்வளவு நிச்சயம், தொந்தரவில்லாமல் எவ்வளவு நேரம் பார்க்கலாம், கூட வருபவரின் முழங்காலும் வயிறும் என்ன சொல்கின்றன, வெளியே தெரியாத செலவு எது. கடைசியாக ஒன்று உண்டு, யாரும் என்னிடம் கேட்காதது. நாம் பார்ப்பதற்கு அந்த நீர்நாய் என்ன விலை கொடுக்கிறது?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் தோலுக்கடியில் கொழுப்புப் போர்வை இருக்கிறது. கடல் நீர்நாய்க்கு அது கிடையாது. இருப்பதெல்லாம் ரோமம்தான், ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் வரை. அந்த அடர்த்திக்காகவே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தோல் வியாபாரிகள் இவற்றைத் துடைத்தெடுத்தார்கள். 1911இல் சர்வதேச ஒப்பந்தம் வந்து வேட்டை நின்றபோது கலிஃபோர்னியாவில் எஞ்சியது ஐம்பது போல. பிக் சர் மலையோரத்தில், பிக்ஸ்பி ஓடைப் பக்கத்தில் ஒளிந்திருந்த அந்தச் சிறு கூட்டம் 1938இல்தான் வெளியுலகின் கண்ணில் பட்டது. இன்றைக்கு இந்தக் கரையில் ஏறத்தாழ மூவாயிரம் இருக்கின்றன. எல்லாம் அந்த ஐம்பதின் வாரிசுகள்.

கொழுப்பு இல்லாததால் அவை ஓயாமல் தின்றாக வேண்டும். தினமும் உடல் எடையில் கால்பங்கு வரை. 20 கிலோ பெண் நீர்நாய் என்றால் நாளுக்கு நான்கைந்து கிலோ நண்டும் மட்டியும். குட்டிக்குப் பால் கொடுப்பவளின் நிலைமை இன்னும் மோசம். குட்டி ஆறு மாதமாகும்போது அவளுக்குத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். தூங்குகிறவளை நாம் கிட்டே போய்க் கலைத்தால், அவள் குட்டியையும் தூக்கிக்கொண்டு நீந்திச் செலவழிக்கும் தெம்பை மறுபடி நண்டாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் குறைந்தது 60 அடி, அதாவது ஐந்து கயாக் நீளம் தள்ளி நில்லுங்கள் என்று பாதுகாப்பு அமைப்புகள் கெஞ்சுகின்றன. தொந்தரவு செய்வது சட்டப்படியும் குற்றம்.

இந்த 60 அடியை மனதில் வைத்துப் பார்த்தால் காசு கொடுத்துப் பக்கத்தில் போவது என்ற கணக்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

மாஸ் லேண்டிங்: கரையில் நின்று

சான் ஹோசேயிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். இரண்டு பெரிய புகைபோக்கிகள் தூரத்திலேயே தெரியும், வழி தப்பாது. நெடுஞ்சாலை 1இலிருந்து ஜெட்டி ரோட்டில் திரும்பினால் இடப்பக்கம் துறைமுகத்தின் வடக்கு வாய்க்கால். காரை நிறுத்தி இறங்கினால், பல நாட்களில் அங்கேயே ஒரு கூட்டம் மல்லாந்து கிடக்கும். பெரும்பாலும் ஆண்கள். குடும்பப் பொறுப்பில்லாத பசங்கள் திண்ணையில் சாய்ந்து கிடப்பதுபோலத்தான் இருக்கும்.

என் அம்மா காவிரிக் கரையில் வளர்ந்தவர். நீர்நாய் என்றதும் வாளை மீனைத் துரத்தும் ஆற்று நீர்நாயைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். ஜெட்டி ரோட்டில் பைனாகுலரைக் கொடுத்ததும் அவர் சொன்னது: "என்னடா இது, ஒண்ணும் வேலைவெட்டி இல்லாம படுத்துக் கிடக்கு?" பத்து நிமிடம் கழித்து ஒன்று கவிழ்ந்து, முகத்தை இரண்டு கையாலும் தேய்த்து, வாலை நக்கி, ரோமத்துக்குள் காற்றை ஊதி ஊதி ஏற்றியது. அந்தக் காற்றுதான் அதற்குக் குளிர் தெரியாமல் காப்பது என்றேன். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அவர் பைனாகுலரை யாருக்கும் தரவில்லை.

நிச்சயம் என்ற கணக்கில் பார்த்தால், ஒரு மணி நேரத் தொலைவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நுழைவுக் கட்டணம் இல்லை. நடக்க வேண்டியதும் அதிகமில்லை, சக்கர நாற்காலியில் இருப்பவர்கூடக் காருக்குள்ளிருந்தே பார்க்கலாம். மறைமுகச் செலவு காற்றுதான். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும், காதை மூடிக்கொள்ள ஏதாவது வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்க்கரையே தெரியாது. கழிப்பறை சுமார். இங்கே இல்லாத ஒன்று குட்டிகள். தாயும் குட்டியும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கழிமுகத்துக்குள் போக வேண்டும், இல்லை மோரோ பே போக வேண்டும்.

மாஸ் லேண்டிங்: படகில்

துறைமுகத்துக்குப் பின்னால் எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற கழிமுகம் சுமார் ஏழு மைல் உள்ளே போகிறது. அதற்குள் தட்டையான அடித்தளமுள்ள படகு ஓடுகிறது, கூடவே விவரம் சொல்ல ஒரு வழிகாட்டியும் வருவார். கடலுக்குள் போவதில்லை, அதனால் குமட்டல் பயம் இல்லை. திமிங்கிலம் பார்க்கும் படகையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொண்டு "எங்கப்பாவுக்கு ஒத்துக்காது" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு.

படகின் உண்மையான லாபம் கதைதான். இந்தக் கழிமுகத்தில் நீர்நாய்கள் பெருகியதும் நண்டுகள் குறைந்தன. நண்டு குறைந்ததும், அது தின்றுகொண்டிருந்த சிறு உயிர்கள் பிழைத்தன. அவை கடற்புல்லின் மேல் படியும் பாசியை மேய்ந்து சுத்தமாக்கின, புல் தழைத்தது. பக்கத்து வயல்களின் உரம் வந்து கலந்து கெட்டுப்போன நீரில் கடற்புல் மறுபடி வளர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று 2013இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2024இல் இன்னொரு ஆய்வு வந்தது. கரையைத் துளைக்கும் நண்டுகளை நீர்நாய்கள் தின்பதால் உப்புச் சதுப்பின் கரை அரிப்பும் மெதுவாகிவிட்டது. கரையில் நின்று பார்க்கிறவருக்கு இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நண்டு தின்னும் காட்சிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தபிறகு பார்ப்பது வேறு அனுபவம்தான்.

குறை என்னவென்றால் நேரம் உங்கள் கையில் இல்லை. நல்ல காட்சி ஒன்று அமையும்போது படகு அடுத்த திருப்பத்துக்குக் கிளம்பிவிடும். முன்பதிவு வேண்டும், விடுமுறை வாரங்களில் இடம் கிடைக்காது. ஆறேழு பேர் கொண்ட குடும்பம் என்றால் டிக்கெட் செலவு கடிக்கும். பறவைகள் பிடிக்குமென்றால் மட்டும் யோசிக்காமல் ஏறுங்கள்: கூழைக்கடா, கொக்கு, கடற்காகம் என்று கண் நிறையும்.

மாஸ் லேண்டிங்: கயாக்கில்

இளைஞர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். தண்ணீர் மட்டத்தில், நீர்நாயின் கண்ணுக்கு நேரே. சுகமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பெரும்பாலும் தடுப்பதும் இதைத்தான்.

கழிமுகத்தில் கடல் ஏற்றமும் வற்றமும் பலமானவை. நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே வற்றம் இழுக்கும் நேரத்தில் துடுப்புப் போட்டுப் பாருங்கள், தெரியும். நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழும். நானும் மைத்துனனும் முதல் தடவை போனபோது இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பதினோரு மணிக்கு வாடகைக்கு எடுத்தோம். காற்று முதுகைத் தள்ள, உள்ளே போனதே தெரியவில்லை. "மாமா, நான் இதுல எக்ஸ்பர்ட் ஆயிட்டேன்" என்றான் மைத்துனன். திரும்பும்போது காற்றும் முகத்தில், வற்றமும் முடிந்து ஏற்றமும் முகத்தில். போக ஆன நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆயிற்று வர. தாமதத்துக்குக் கூடுதல் வாடகை, மறுநாள் தோள் வலிக்குத் தைலம். இதெல்லாம் விலைப் பட்டியலில் இருக்காது.

சரி, எப்படிப் போவது? காலை முதல் ஆளாகப் போங்கள். ஏற்றத்தோடு உள்ளே போய், வற்றத் தொடக்கத்தோடு வெளியே வருகிற நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். தண்ணீர் கோடையிலும் 15 டிகிரி செல்சியஸ் போலத்தான், கவிழ்ந்தால் விளையாட்டில்லை. நீச்சல் தெரியாதவர், முழங்காலை மடக்க முடியாதவர், கைக்குழந்தை யாரையும் ஏற்ற வேண்டாம்.

முக்கியமானது, கயாக்கில் போவதால் 60 அடி விதி தளராது. நேராகத் தலைப்பட்டுப் போகாமல் பக்கவாட்டில் கடந்துபோக வேண்டும். ஒரு நீர்நாய் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் ஏற்கெனவே கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், விலகுங்கள். தண்ணீரில் சும்மா நிற்க முடியாது, காற்று உங்களை அவற்றின் மேல் தள்ளும். விலக விலகத் துடுப்புப் போட வேண்டும். ஆகவே அமைதியாகப் பார்க்கும் நேரம் கரையில் கிடைப்பதைவிடக் குறைவு. தானாக வந்து ஏறினால்? 2023 கோடையில் சாண்டா குரூஸில் 841 என்ற எண்ணுள்ள பெண் நீர்நாய் அலைச்சறுக்குப் பலகைகளில் ஏறி உட்கார்ந்து உலகப் புகழ் பெற்றது. எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிகள் அதைப் பிடித்துக் கூண்டில் வைக்கத்தான் பல நாள் முயன்றார்கள், முடியவில்லை. அதன் தாய், மனிதர்கள் இரை கொடுத்துப் பழக்கியதால் கடலிலிருந்து திரும்ப எடுத்து வரப்பட்டவள். மனிதனிடம் பயம் போன நீர்நாய்க்குக் கடலில் இடமில்லாமல் போகிறது.

நன்றாகத் துடுப்புப் போடத் தெரிந்த இரண்டு பேர், வார நாள், காலை எட்டரை என்றால் கயாக்கை மிஞ்சியது எதுவுமில்லை. மற்றவர்களுக்கு வேண்டாம்.

மான்டரே, பசிபிக் குரோவ்

இங்கே நீர்நாய்கள் திறந்த கடலின் கெல்ப் காட்டுக்குள் இருக்கின்றன. கேனரி ரோவிலிருந்து லவர்ஸ் பாயிண்ட் வரை கடலை ஒட்டியே ஒரு நடைபாதை. சமதளம், குழந்தை வண்டி தள்ளலாம், பெஞ்சுகள் உண்டு, வழியெல்லாம் காபி. கண்ணில் படும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் தூரத்தில். பைனாகுலர் இல்லாமல் போனால் பழுப்புப் புள்ளிதான். கெல்ப்பின் மிதக்கும் உருண்டைக் குமிழ் அசலாக நீர்நாய்த் தலை போலவே இருக்கும். அரைமணி நேரம் ஒரு குமிழைப் படமெடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும் (என் குடும்பம்தான்). அலையோடு சேர்ந்து மட்டும் அசைந்தால் பாசி. உருண்டு கவிழ்ந்தாலோ கால் இரண்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தாலோ நீர்நாய். குளிர்காலப் புயல்கள் கெல்ப்பைப் பிய்த்தெறிந்தபின் அவை ஒதுங்கும் இடங்களும் மாறிவிடும்.

இந்த ஊரின் பெரிய சலுகை வேறு: நீர்நாய் கிடைக்காவிட்டாலும் நாள் வீணாகாது. 1984இல் பழைய மீன் டப்பா ஆலை இருந்த இடத்தில் திறந்த மீன்காட்சியகம் அங்கேதான். உள்ளே நீர்நாய்கள் உண்டு, கடலில் வாழ முடியாதவை. அவற்றில் சில, கரையொதுங்கிய அநாதைக் குட்டிகளுக்கு வளர்ப்புத் தாய்களாக இருந்து நண்டு உடைக்கக் கற்றுக்கொடுக்கின்றன. குட்டிகள் மனித முகத்துக்குப் பழகிவிடக் கூடாது என்பதற்காகப் பராமரிப்பவர்கள் முகமூடியும் கறுப்பு அங்கியும் அணிகிறார்கள். அப்படி வளர்ந்த குட்டிகள் பல எல்க்ஹார்ன் ஸ்லூவில்தான் விடப்பட்டன. கட்டணம் பெரியவருக்கு 60 டாலரைத் தாண்டும், பார்க்கிங் தனி. இரண்டு சின்னக் குழந்தைகள், மழை நாள், பொறுமையில்லாத தாத்தா என்ற கூட்டணி உங்களுடையது என்றால் மறுபேச்சில்லாமல் இங்கே போங்கள். காட்டு நீர்நாய் மட்டும்தான் வேண்டும் என்றால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல 8 மடங்கு பைனாகுலரின் பாதி வரும்.

கார்மலுக்குத் தெற்கே பாயிண்ட் லோபோஸும் உண்டு. அழகில் இதற்கெல்லாம் மேல். ஆனால் வார இறுதியில் பத்து மணிக்கே பார்க்கிங் நிரம்பி வாசலில் திருப்பிவிடுவார்கள், பாதைகளில் ஏற்ற இறக்கம் இருக்கிறது. நடப்பவர்களுக்கு மட்டும்.

மோரோ பே

சான் ஹோசேயிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்தும் 200 மைல் போல. போய்வந்தால் ஒரு நாள் முழுக்கக் காரிலேயே போய்விடும். ஆகவே ஒரு இரவு தங்குவதையும் சேர்த்துத்தான் இதன் விலையைச் சொல்ல வேண்டும். பிக் சர் வழியாகக் கடலோரமாகப் போகலாம் என்று ஆசைப்பட்டால் முதலில் சாலை திறந்திருக்கிறதா பாருங்கள், மண்சரிவால் அடிக்கடி மூடப்படுகிறது. நெடுஞ்சாலை 101 பிடித்து அட்டாஸ்கடெரோவில் நெடுஞ்சாலை 41க்குத் திரும்புவது பத்திரம்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போக வேண்டும்? தாயும் குட்டியும். மோரோ பாறை என்று ஒரு பெரிய எரிமலைக் குன்று துறைமுக வாயிலில் நிற்கிறது. அதன் அடிவாரம் வரை கார் போகும், நிறுத்தக் கட்டணமில்லை. அந்தப் பக்கத்து அமைதியான நீரில், கெல்ப்புக்கு நடுவில் தாய்கள் குட்டியை நெஞ்சில் போட்டுக்கொண்டு மிதக்கின்றன. கரைக்கு அவ்வளவு அருகில் வருவதால் சில நேரம் வெறும் கண்ணே போதும். தாய் இரைக்கு முங்கும்போது குட்டியைக் கெல்ப்பில் சுற்றிவிட்டுப் போவாள். பஞ்சுபோன்ற ரோமத்தில் காற்று அடைத்திருப்பதால் குட்டியால் முங்கவே முடியாது, கார்க் மாதிரி மிதந்துகொண்டு கத்தும். அந்தக் கீச்சொலியைக் கேட்டுவிட்டால் நூறு மைலுக்கு அந்தப் பக்கம் வந்ததைப் பற்றிப் புகார் இருக்காது. குட்டி ஈனுவதற்கு ஒரு பருவம் என்றில்லை, ஆண்டு முழுவதும் வாய்ப்புண்டு.

ஊரும் சின்னது. கடைத்தெருவே கடலை ஒட்டித்தான், சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். ஆனால் மீன் ஊர். சைவக்காரர்களுக்கு பீட்சாவும் உருளைக்கிழங்கும்தான் கதி, புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். (மாஸ் லேண்டிங் போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டமில்லை. பக்கத்திலிருக்கும் காஸ்ட்ரோவில்லில் கூனைப்பூவை (ஆர்டிசோக்) மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள், நம் பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம்.)

லாஸ் ஏஞ்சலிஸில் அண்ணன் குடும்பம், இங்கே நீங்கள், நடுவில் எங்காவது சந்திக்க வேண்டும் என்றால் மோரோ பே அதற்கென்றே அமைந்த ஊர். ஒரே ஒரு சனிக்கிழமைதான் கையில் இருக்கிறது என்றால் வேண்டாம்.

நான் என்றால்

ஒரு நாள், வயதானவர்கள், முதல் தடவை: மாஸ் லேண்டிங் கரை. காலை ஒன்பதுக்குள் போய்ச் சேருங்கள். மதியம் தெம்பு இருந்தால் மட்டும் மான்டரே நடைபாதை. அவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்கிறவர்கள் என்றால் படகை முன்பதிவு செய்யுங்கள். இரண்டு நாள் கிடைத்தால் மோரோ பே. மாதம்: செப்டம்பர், அக்டோபர். வானம் தெளிந்திருக்கும், கூட்டமும் குறைவு. விசா ஆறு மாதமென்றால் அவர்களை வந்த வேகத்தில் மே மாதத்திலேயே இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலை மூன்றிலிருந்து ஆறு வரை நெடுஞ்சாலை 1இலிருந்து 156 வழியாக 101க்கு ஏறும் வரிசை நகரவே நகராது. இரண்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். இல்லையென்றால் இருட்டும்வரை இருந்துவிடுங்கள். பகலெல்லாம் தூங்கியவை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் இரைக்கு எழும், 'டக் டக்' சத்தம் வாய்க்கால் முழுக்கக் கேட்கும்.